கம்ப்யூட்டர் ஓடுது, டிஸ்ப்ளே இல்லை, பீப் மட்டும் வருது: ராம் போச்சா?

காவேரிப்பட்டணம் எடைமேடை

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எடைமேடை வைத்திருக்கிறோம். மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கிறது, பெங்களூரா ரக மாங்காய் லோடு ராத்திரி பகலாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. இன்று காலையிலிருந்து பில் போடும் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. பட்டனை அமுக்கினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’. உள்ளேயிருந்து நீளமான பீப் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது.

எச்61 போர்டு, இரண்டாம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 ராம் (தற்காலிக நினைவகம்) 2 ஜிபி இரண்டு, விண்டோஸ் 7. கொஞ்ச நாளாகவே நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு சீட்டில் லாரி நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதேதோ குறிகள் அச்சாகி வந்தன. பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். “விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிக்கணும்” என்கிறார். பில் கணக்கு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. வெளியே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. யாராவது வழி சொல்லுங்கள்.

அரூர் சர்வீஸ்

அண்ணா, முதலில் ஃபார்மட் பேச்சை நிறுத்துங்கள். பீப் வருகிற கட்டத்தில் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை. பவர் வந்ததும் போர்டிலேயே இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். அதில் ராம் தேறினால்தான் திரையில் எழுத்தே வரும். உங்கள் போர்டில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்றால் டிஸ்ப்ளேவும் ராமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்தாலும் இதே பீப்தான் வரும். அதை ஃபார்மட் அடித்து என்ன ஆகப்போகிறது?

அடுத்து, வண்டிகளை நிறுத்தி வைக்காதீர்கள். எடையைக் கணக்குப் போடுவது கம்ப்யூட்டர் இல்லை, எடைமேடையோடு இணைந்த இண்டிகேட்டர் பெட்டி. அதில் சிவப்பு எண்ணில் எடை தெரியும். கையால் சீட்டு எழுதிக் கொடுங்கள், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போது வேலைக்கு வருவோம். பவர் கார்டை முழுதாகப் பிடுங்குங்கள். முன்பக்க பட்டனில் அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் ராமைக் கழற்றினால் போர்டே போய்விடலாம். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுக் கைவையுங்கள்.

இரண்டு ராமையும் கழற்றிவிட்டு, ராமே இல்லாமல் ஒருமுறை ஆன் செய்யுங்கள். பீப் எப்படி வருகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பர்கூர் கிரானைட்

எங்கள் யார்டிலும் இதே கதைதான். எரேசரை எடுத்து ராமின் தங்க நிறக் கால்களைத் தேய்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், உடனே ஆன் ஆகிவிடும். போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியையும் கழற்றி பயாஸை ரீசெட் செய்துவிடுங்கள். முதலில் அதைச் செய்வதுதான் நல்லது.

அரூர் சர்வீஸ்

பர்கூர் அண்ணா, எரேசர் சரி, பேட்டரி இப்போதைக்கு வேண்டாம். காரணம் சொல்கிறேன். பழைய விண்டோஸ் 7 சிஸ்டத்தில் ஹார்டு டிஸ்க்கை போர்டு அணுகுவது ஐடிஇ முறையிலா, ஏஹெச்சிஐ முறையிலா என்று நமக்குத் தெரியாது. பயாஸை ரீசெட் செய்து அது மாறிவிட்டால், ராம் சரியான பிறகும் 7பி என்ற பிழை எண்ணோடு நீலத்திரை வரும். விஷயம் தெரியாதவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஃபார்மட் என்பார். தேதியும் பின்னால் போய்விடும், பில்லில் தப்பான தேதி அச்சாகும். பயாஸ் ரீசெட் தேவைப்படும் இடம் உண்டு, ராமின் வேகத்தைக் கூட்டி வைத்து ஆன் ஆகாமல் போனால் அதுதான் முதல் மருந்து. இவருடைய சிஸ்டத்தில் யாரும் அப்படி எதையும் மாற்றவில்லை. அதனால் அது கடைசியில்.

காவேரிப்பட்டணம் எடைமேடை

ராம் இல்லாமல் ஆன் செய்தேன். அதே பீப், அதே இடைவெளி. கையால் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டோம், வரிசை நகர்கிறது. ரொம்ப நன்றி.

அரூர் சர்வீஸ்

நல்ல செய்தி அண்ணா. ராம் இல்லாதபோது பீப் வருகிறது என்றால் பிராசசர் உயிரோடு இருக்கிறது, பயாஸ் ஓடுகிறது, பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ் ஓரளவு வேலை செய்கிறது. “ராமைக் காணோம்” என்று சொல்கிற அளவுக்கு போர்டு நலமாக இருக்கிறது. ராமும் இல்லை, பீப்பும் இல்லை என்றால்தான் நாம் பிராசசர், போர்டு, 12 வோல்ட் நாலு பின் கனெக்டர் பக்கம் போக வேண்டியிருக்கும். இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இந்தச் சோதனைக்குக் காலணா செலவில்லை, ஆனால் கேபினட்டில் ஸ்பீக்கர் இருக்க வேண்டும். இப்போது வரும் பல கேபினட்டுகளில் அது இல்லை. நாலு பின் சின்ன பஸ்ஸர் ஒன்று வாங்கி போர்டில் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதிய இடத்தில் குத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது ராம் உட்காரும் ஸ்லாட். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், என்ன தெரிகிறது?

காவேரிப்பட்டணம் எடைமேடை

பிராசசர் பக்கம் இருக்கும் ஸ்லாட்டில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி தூசி அடைத்திருக்கிறது. எங்கள் ரோட்டில் கல் லாரிகளும் போகும், கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ராம் கால்களில் சில இடங்களில் கருத்த புள்ளிகள் இருக்கின்றன.

அரூர் சர்வீஸ்

அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டால் பின் துருப்பிடிக்கும். பெயின்ட் அடிக்கும் புது பிரஷ் சின்னதாக ஒன்று வாங்கி, ஸ்லாட்டின் நீளவாக்கில் மெதுவாக ஓட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் உள்ளிருக்கும் பின் வளையும். பிளோயர் இருந்தால் கொஞ்சம் தள்ளிப் பிடித்து அடியுங்கள். அப்போது பிராசசர் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுற்றினால் ஃபேன் கெடும்.

ராமின் கால்களுக்கு வெள்ளை எரேசர் போதும், மை அழிக்கும் சொரசொரப்பான பக்கம் கூடவே கூடாது. போர்டை விட்டுத் தள்ளி வைத்துத் தேயுங்கள், துகள் ஸ்லாட்டில் விழக்கூடாது. ஒருமுறை தேய்த்தால் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதுதான் மேல். எலக்ட்ரானிக்ஸ் உதிரிக்கடையில் ‘ஐபிஏ’ என்று கேளுங்கள். நூல் விடாத துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

பர்கூர் கிரானைட்

நான் பல வருடமாக எரேசர்தான். ஒன்றும் ஆனதில்லை.

அரூர் சர்வீஸ்

ஆகாது அண்ணா, எப்போதாவது செய்தால். மாதாமாதம் தேய்த்தால் மேலே இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு போய், அடியில் இருக்கும் நிக்கல் வெளியே வந்துவிடும். அப்புறம் சீக்கிரம் சீக்கிரம் கறுக்கும், நீங்களும் சீக்கிரம் சீக்கிரம் தேய்ப்பீர்கள். அடிக்கடி எரேசர் எடுக்க வேண்டி வருகிறது என்றாலே அந்த அறைக்குக் கதவும், கேபினட்டுக்கு மூடியும் தேவை என்று அர்த்தம்.

எடைமேடை அண்ணா, சுத்தம் செய்த பிறகு ஒரே ஒரு ராம், ஒரே ஒரு ஸ்லாட். பிராசசரிலிருந்து தள்ளி இருக்கும் ஸ்லாட்டில் தொடங்குங்கள். வெட்டுப் பள்ளம் பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று கிளிப் மூடும்வரை அமுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது ஆன் செய்தால் ராம் கருகவும் வாய்ப்பிருக்கிறது. ராமில் மார்க்கரால் ‘அ’, ‘ஆ’ என்று எழுதிக்கொள்ளுங்கள், எது எங்கே இருந்தது என்று குழம்பாது.

காவேரிப்பட்டணம் எடைமேடை

இதற்கிடையில் கிருஷ்ணகிரியிலிருந்து என் மச்சான் ஒரு 8 ஜிபி டிடிஆர்3 ராமோடு வந்தார். ஆன்லைனில் ரொம்பக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருந்தாராம். அதைப் போட்டால் இரண்டு ஸ்லாட்டிலும் பீப்தான். இவ்வளவு புது ராமே ஏறவில்லை என்றால் போர்டுதான் போயிருக்கும் என்கிறார் அவர். சரியாக இருக்குமா?

ஓசூர் பில்டர்

அவசரப்படாதீர்கள். அந்த ராமின் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள். நடுவில் தனியாக ஒரு சின்ன சிப் இருக்கிறதா? ஒரு பக்கத்தில் கறுப்பு சிப்புகள் எட்டா, ஒன்பதா?

காவேரிப்பட்டணம் எடைமேடை

‘8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600ஆர்’. ஒரு பக்கத்தில் ஒன்பது சிப். நடுவில் வேறு மாதிரி ஒன்று தனியாக இருக்கிறது.

ஓசூர் பில்டர்

அது சர்வர் ராம். கடைசியில் இருக்கும் ‘ஆர்’ எழுத்துதான் அடையாளம்; ரெஜிஸ்டர்டு வகை. நடுவில் இருக்கும் தனிச் சிப்தான் அந்த ரெஜிஸ்டர். ஒன்பதாவது சிப் பிழை திருத்தத்துக்காக. நமக்குத் தேவையானது ‘யு’ என்று முடிவது. இரண்டுக்கும் கால் 240, வெட்டும் ஒரே இடத்தில், அதனால் அழகாக உள்ளே உட்காரும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடவே ஓடாது. பழைய சர்வர்களைப் பிரிக்கும்போது இது மூட்டை மூட்டையாக வெளியே வருகிறது, அதனால்தான் அந்த விலை. உங்கள் போர்டு போனதற்கு இது சாட்சியாகாது.

இன்னொரு வகையும் சந்தையில் சுற்றுகிறது. ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று மூலையில் சின்னதாகப் போட்டு விற்பார்கள். அதில் 4 பிட் சிப்புகள் இருக்கும். இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்கள் 8 பிட், 16 பிட் சிப் வைத்த ராமைத்தான் ஏற்கும், அதனால் பீப்தான் வரும். அதோடு, நான்காம் தலைமுறை வரைக்குமான இன்டெல் பிராசசர்களுக்கு டிடிஆர்3-இல் ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட் வரைதான் தெரியும். ஆகவே உங்கள் போர்டுக்கு 8 ஜிபி ராம் வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப் இருந்தால் வாங்காதீர்கள்.

பாலக்கோடு டிடிபி

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் கடைக்கும் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ ஒன்று வந்தது, விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்தாலே பாதிப் பணம் மிச்சம்.

காவேரிப்பட்டணம் எடைமேடை

‘அ’ ராமைத் தள்ளி இருக்கும் ஸ்லாட்டில் போட்டேன். டிஸ்ப்ளே வந்துவிட்டது! சுத்தம் செய்த முதல் ஸ்லாட்டிலும் வருகிறது. ‘ஆ’ ராமும் தனியாகப் போட்டால் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டு விண்டோஸுக்குள் போகலாமா?

அரூர் சர்வீஸ்

போகாதீர்கள் அண்ணா! இந்த இடத்தில்தான் நிறைய பேர் கணக்கைத் தொலைக்கிறார்கள். டிஸ்ப்ளே வந்ததால் ராம் நல்ல ராம் என்று ஆகிவிடாது. பயாஸ் மேலோட்டமாகத்தான் பார்க்கும். நீங்கள் முதலில் எழுதியதில் நீலத்திரை இருந்தது, லாரி நம்பர் இடத்தில் குறிகள் வந்தன. அது வெறும் தூசியாகவும் இருக்கலாம், ராமில் ஒரு பகுதி செத்திருக்கவும் கூடும்.

செத்த பகுதி உள்ள ராமோடு விண்டோஸ் ஓடினால், டிஸ்க்கிலிருந்து படித்த சரியான கணக்கு ராமில் தப்பாகி, தப்பாகவே திரும்ப டிஸ்க்கில் எழுதப்படும். இதைவிட மோசம் ‘செக் டிஸ்க்’. விண்டோஸ் சரியாக மூடாததால் அது தானாகவே ஓடத் தொடங்கலாம். கெட்ட ராமை வைத்துக்கொண்டு அது ஃபைல் பட்டியலைத் ‘திருத்த’ ஆரம்பித்தால், நல்லாயிருந்ததும் கலைந்துவிடும். ராம் தேறும்வரை ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வேறு கம்ப்யூட்டரில், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் டவுன்லோடு செய்து பென்டிரைவில் ஏற்றுங்கள். இலவசம்தான், பழைய பயாஸ் போர்டிலும் ஓடும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் தானே தொடங்கிவிடும். முதலில் ‘அ’ மட்டும், பிறகு ‘ஆ’ மட்டும். ராத்திரி முழுக்க ஓடட்டும், நான்கைந்து சுற்று முடியட்டும். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் அந்த ராம் கணக்கு வேலைக்கு ஆகாது.

பென்னாகரம் வாத்தியார்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் மகளின் விலையில்லா லேப்டாப், அரசு கொடுத்தது. வேகம் போதவில்லை என்று 4 ஜிபி டிடிஆர்3 ராம் வாங்கிப் போட்டோம். பவர் விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது, கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டுகிறது. பழைய ராமைப் போட்டால் நன்றாக ஓடுகிறது. புது ராம் கெட்டுப்போனதா?

ஓசூர் பில்டர்

சார், கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. பழைய ராமின் ஸ்டிக்கரில் ‘பிசி3எல்’ என்று ‘எல்’ இருக்கிறதா பாருங்கள். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், ‘எல்’ போட்டது 1.35 வோல்ட். லேப்டாப் 1.35 வோல்ட் மட்டும் கொடுக்கும் மாடலாக இருந்தால் 1.5 வோல்ட் ராமோடு ஆன் ஆகாது. ‘எல்’ வகை பெரும்பாலும் 1.5 வோல்ட்டிலும் ஓடும் என்பதால் சந்தேகமாக இருந்தால் ‘எல்’ வாங்குவதே பாதுகாப்பு. கேப்ஸ் லாக் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதற்கும் பொருள் உண்டு, ஆனால் மாடலுக்கு மாடல் மாறும். லேப்டாப்பில் ராமைக் கழற்றும்முன் சார்ஜரோடு பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் எடைமேடை

மெம்டெஸ்ட் முடிவு வந்துவிட்டது. ‘அ’ ராம் ராத்திரி முழுக்க ஓடி ஒரு பிழையும் இல்லை. ‘ஆ’ ராம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு வரிகள் திரை முழுக்க வந்துவிட்டன. ஸ்லாட் மாற்றிப் பார்த்தேன், அப்போதும் அப்படியே.

அரூர் சர்வீஸ்

ஸ்லாட் மாறியும் பிழை அதே ராமோடு போகிறது என்றால் போர்டு தப்பித்தது, ராம்தான் குற்றவாளி. தூசி ஒரு பக்கம், செத்த ராம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து உங்களை அலைக்கழித்திருக்கின்றன. பிழை ராமைத் தொடராமல் ஸ்லாட்டைத் தொடர்ந்திருந்தால் வேறு வேலை: பிராசசரைக் கழற்றி சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா, கூலர் ஒரு பக்கமாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ராமுக்குப் போகும் கம்பிகள் பிராசசரிலிருந்தே நேராக வருகின்றன.

இப்போது ‘அ’ மட்டும் போடுங்கள். 2 ஜிபி போதும், பில் சாஃப்ட்வேர் ஓடும். ஹார்டு டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் அதை வேறு நல்ல கம்ப்யூட்டரில் யுஎஸ்பி சாட்டா கேபிள் மூலம் இணைத்து, பில் ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். டிஸ்க்கைச் சரிசெய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நகல் கையில் இருந்த பிறகு மற்றதெல்லாம்.

பாலக்கோடு டிடிபி

இதற்குப் புது கம்ப்யூட்டரே வாங்கிவிடலாமே? எத்தனை நாளுக்கு இந்தப் பழசோடு மல்லுக்கட்டுவது?

அரூர் சர்வீஸ்

வாங்கலாம், ஆனால் சீசன் நடுவில் வேண்டாம். இண்டிகேட்டரிலிருந்து வருவது ஒன்பது பின் சீரியல் கேபிள். புது போர்டுகள் பலவற்றில் அந்த போர்ட் பின்னால் இருக்காது. யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் போட்டால் அது காம்7, காம்8 என்று ஏதாவது எண்ணில் போய் உட்காரும், பழைய சாஃப்ட்வேருக்கு காம்1, காம்2 தவிர வேறு தெரியாது. டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றலாம், ஆனால் அதை லாரிகள் நிற்கும்போது செய்து பழக வேண்டாம். ஆகஸ்ட் பிறந்து லோடு குறைந்ததும் நிதானமாகச் செய்யுங்கள்.

காவேரிப்பட்டணம் எடைமேடை

நகல் எடுத்தாயிற்று. ‘அ’ ராமோடு விண்டோஸ் வந்தது, இண்டிகேட்டர் எடை திரையில் வருகிறது, பில் அச்சாகிறது. பழைய சீட்டுகளைப் பிரித்துப் பார்த்ததில் போன வாரத்துப் பதிவுகள் சில கலைந்திருக்கின்றன. எங்களிடம் இருக்கும் கார்பன் நகலை வைத்துத் திருத்திக்கொள்கிறோம். அரூர் தம்பிக்கும் ஓசூர் நண்பருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஃபார்மட் அடித்திருந்தால் விவசாயிகளுக்கும் மண்டிக்கும் பதில் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு 2 ஜிபி எங்கே வாங்குவது? பெங்களூரு எஸ்பி ரோட்டில் பழைய ராம் கிடைக்கும் என்கிறார்கள்.

ஓசூர் பில்டர்

கிடைக்கும். நான் அந்தப் பக்கம் போவேன், கடையிலேயே ஒரு போர்டில் மெம்டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் வாங்குவேன். ‘அ’ ராமின் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை எனக்கு அனுப்புங்கள். இரண்டும் ஒரே வேகமாக இருந்தால் நல்லது. வேகம் வேறாக இருந்தாலும் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், ஆனால் ஓட மறுக்கும் ஜோடிகளும் உண்டு.

பென்னாகரம் வாத்தியார்

‘எல்’ இருக்கிறது! பழைய ராமில் ‘பிசி3எல்-12800எஸ்’, புதிதில் ‘எல்’ இல்லை. தருமபுரி கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். போட்டதும் ஆன் ஆனது. 4 ஜிபியும் தெரிகிறது.

அரூர் சர்வீஸ்

மகிழ்ச்சி சார். பாப்பாவின் லேப்டாப்பிலும் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டிவிடுங்கள், புது ராமாக இருந்தாலும்.

எடைமேடை அண்ணா, அந்த ‘ஆ’ ராமை மேஜை டிராயரில் போட்டு வைக்காதீர்கள், அடுத்த வருடம் யாராவது நல்ல ராம் என்று எடுத்துப் போடுவார்கள். கால்களுக்கு மேல் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு மின்கழிவோடு சேர்த்துவிடுங்கள். இடி மழை வரும்போது இண்டிகேட்டர் சீரியல் கேபிளையும் பவரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். எடைமேடை திறந்தவெளியில் கிடக்கும் இரும்பு, மின்னல் அந்தக் கேபிள் வழியாக நேரே போர்டுக்கு வந்துவிடும்.